கைதட்டலுக்கு மேலே ஒரு வரி

எங்கள் தலைவர் வாயைத் திறந்தால் மூடுவதற்கு ஒரு பொழுது ஆகும். கூட்டத்துக்கு வந்தவர்கள் பாதியில் எழுந்து போய்விடலாம். வீட்டில் கேட்பவர்கள் வானொலியின் காதைத் திருகிவிடலாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் தலைவர் அலுவலகத்தின் செய்திப் பிரிவில் தட்டச்சர். அவர் பேசியதை ஒலிப்பதிவில் கேட்டு, ஒரு சொல் விடாமல் எழுத்தில் ஏற்றுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

என் அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் கூரையை ஒட்டி. அதன் வழியே பார்த்தால் நடைபாதையில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். காதில் கருவி, மேசைக்குக் கீழே ஒரு பெடல். அதை மிதித்தால் பேச்சு நிற்கும், இன்னொரு முறை மிதித்தால் கொஞ்சம் பின்னால் போகும். தலைவரை வாயடைக்க வைக்கிற அதிகாரம் இந்த நாட்டில் என் வலது காலுக்கு மட்டும்தான் உண்டு. அந்தச் சந்தோஷத்தில்தான் காலம் தள்ளுகிறேன்.

காதில் விழுவதையெல்லாம் அடிக்க வேண்டும் என்பது அலுவலக விதி. தலைவர் இருமினால் அடைப்புக்குள் இருமல். கூட்டம் கைதட்டினால் தனி வரியில் கைதட்டல் என்று போட வேண்டும். அவர் அல்லாமல் வேறு யாராவது பேசினால் ‘மற்றவர்’ என்று மேலே ஒரு வரியில் போட்டுவிட்டு, அவர்கள் சொன்னதைக் கீழே அடிக்க வேண்டும். மற்றவர் பேசுவது அநேகமாக நடக்காது. தலைவர் இருக்கும் மேடையில் வேறொருவர் பேசி முடித்துவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கைதட்டலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதைக்கு அது வேண்டும். தலைவரின் எல்லாக் கூட்டங்களிலும் முன்வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். தலைவரின் மனைவிக்கு ஏதோ ஒரு வழியில் தம்பி முறை. அவருடைய உத்தியோகமே முதலில் கைதட்டுவதுதான். அவர் தட்டினால் கூட்டம் தட்டும். அதனால் அலுவலகத்தில் அவருக்கு முதல்கை என்று பெயர். என்ன பேசுகிறார்கள் என்று அவர் காதில் வாங்குவதே இல்லை. தலைவர் பேச்சை நிறுத்தினால் தட்டுவார், அவ்வளவுதான். மூச்சு வாங்க நிறுத்தினாலும் தட்டுவார், சொல்ல வந்தது மறந்துபோய் நிறுத்தினாலும் தட்டுவார், தும்மல் வருமா வராதா என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றாலும் தட்டுவார். முறம் மாதிரி இரண்டு கை. என் காதுக்குள் நேராக அறைவது போல இருக்கும்.

இப்படி இருக்கும்போது தலைவரின் பிறந்தநாளுக்கு ஒரு புத்தகம் போட முடிவானது. அவருடைய பேச்சுகளிலிருந்து மறக்க முடியாத பொன்மொழிகளைத் தொகுக்க வேண்டுமாம். மறக்க முடியாதது என்று எதையாவது அவர் சொல்லியிருந்தால் என்னைவிட யாருக்குத் தெரியும்? நான் அடித்த பக்கங்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அதில் ஒரு வரிகூட என்னோடு வாசல் வரை வந்ததில்லை.

தொகுப்பதற்கு ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரைப் பிடித்து வந்தார்கள். எதற்கெடுத்தாலும் ஆஹா என்பார். தேநீர் வந்தாலும் ஆஹா, மின்விசிறி சுற்றினாலும் ஆஹா. வாழ்நாள் முழுக்கப் புத்தகமும் கையுமாக இருந்தவர் என்றார்கள். அலமாரிகளைத் திறந்து காட்டினேன். மனிதர் முகம் சுண்டிப் போய்விட்டது.

“இவ்வளவையும் படிக்கணுமாம்மா?” என்றார்.

“நான் இவ்வளவையும் கேட்டிருக்கேன் சார்.”

அவர் ஒரு காகிதக் கட்டை எடுத்துப் புரட்டினார். கைதட்டல் என்ற வரி கண்ணில் பட்டதும் முகம் மலர்ந்தது. மக்கள் எதை ரசித்தார்களோ அதுதானே பொன்மொழி என்றார். கைதட்டலுக்கு மேலே இருக்கும் ஒரு வரியை எடுத்தால் போதும், மற்றதைப் படிக்க வேண்டியதில்லை என்றார். தனக்குத் தானே ஒரு ஆஹாவும் போட்டுக்கொண்டார். அடுத்த நாளே கத்தரிக்கோலோடு இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். வரி வரியாக வெட்டினார்கள்.

என்ன கிடைத்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ‘அந்த வண்டியை யாருப்பா குறுக்க நிறுத்தினது, எடுத்துடுங்க’ என்று ஒரு பொன்மொழி. ‘போன தடவை வந்தப்பவும் இதே மைக்தான்’ என்று ஒன்று. ‘நான் என்ன சொல்ல வந்தேன்னா’ என்று பத்திருபது. பேராசிரியர் ஒவ்வொன்றையும் கையில் ஏந்திப் பார்த்து, இலக்கணச் சுத்தமாக்கி, கீழே விளக்கமும் எழுதினார். குறுக்கே நிற்கும் வண்டி என்றால் முன்னேற்றத்துக்குத் தடையாக நிற்கும் பழைய சிந்தனையாம். படித்த மனிதர் ஒருவர் அதை வெட்கமில்லாமல் எழுதியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். எனக்குத் தலைவர் மேல் இருந்த எரிச்சல்கூடக் கொஞ்சம் குறைந்தது. அவர் பாவம், வண்டியை எடுக்கத்தான் சொன்னார்.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் எனக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு காரியம் இருந்தது.

என் அண்ணன் அரசாங்கச் சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தான். கூரை இற்றுப் போயிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், கூரைக்கும் தெரியும். ஒரு மழையில் அது இறங்கிவிட்டது. அண்ணன் அடியில் இருந்தான். மறுநாள் தலைவர் வந்தார். இடிபாட்டின் மேல் ஏறி நின்று, அண்ணியைக் கையால் காட்டிப் பேசினார். இந்தத் தங்கச்சிக்கு இதே கிடங்கில் வேலை உண்டு, இது என் வாக்கு, சொன்னபடி செய்யவில்லை என்றால் என் நாக்கு அழுகட்டும் என்றார். முதல்கை தட்டினார். செத்த வீட்டுக்காரர்கள் நிற்கும் இடத்தில் கூட்டமும் தட்டியது.

நான்கு வருடம் ஆகிறது. நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. திவ்வியமாக இருக்கிறது, தினமும் என் காதில்தான் புரள்கிறது.

அண்ணி துணிக்கடை ஒன்றில் மடித்து அடுக்கும் வேலைக்குப் போகிறாள். உட்கார நாற்காலி கிடையாது, நாள் முழுக்க நிற்க வேண்டும். விடுமுறை நாளில் போய் நலத்துறை அலுவலக வரிசையில் நிற்பாள். நானும் அண்ணியும் அவள் மகளும் இரண்டு அறையில் குடித்தனம் நடத்துகிறோம். கிடங்கு வேலை கிடைத்தால் அண்ணிக்கு ஒரு நாற்காலி கிடைக்கும், பிள்ளையின் படிப்பு தடைப்படாது. அதற்கு மேல் அவள் எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

நலத்துறை அதிகாரி ஒவ்வொரு முறையும் ஒரே பாட்டைப் பாடினார்.

“தலைவர் சொன்னார், தலைவர் சொன்னார்னு நீங்கதான் சொல்றீங்க. எழுத்துல எங்கம்மா இருக்கு?”

எழுத்து என் அலமாரியில்தான் இருந்தது, ஆனால் அங்கிருந்து ஒரு தாள்கூட வெளியே போகக் கூடாது என்பது விதி. கத்தரிக்கோல்காரர்கள் அந்த வருடத்துப் பேச்சுகளுக்கு வந்தபோது எனக்கு இது நினைவுக்கு வந்தது. அவர்கள் முறைப்படி வெட்டினால் நாக்கு அழுகட்டும் என்பது மட்டும்தான் புத்தகத்துக்குப் போகும். வேலை மேல் வரியிலேயே தங்கிவிடும். அன்று நான் அந்தப் பக்கத்தை எடுத்து மறுபடி அடித்தேன். எங்கும் நிறுத்தாமல், தங்கச்சி, வேலை, வாக்கு, நாக்கு எல்லாவற்றையும் ஒரே நீள வரியாக்கி, கீழே பலத்த கைதட்டல் என்று போட்டேன். ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை. வரி அப்படியே புத்தகத்துக்குள் போனது.

“அண்ணி, எழுத்துல வரப்போகுது,” என்றேன் வீட்டுக்கு வந்து.

அண்ணி கால் விரல்களை நீவிக்கொண்டிருந்தாள். “அச்சுலயா?” என்றாள்.

“தங்க பார்டர் போட்டு.”

பிள்ளையின் சீருடையை அன்று இரண்டு தடவை துவைத்தாள். அவளுக்குச் சந்தோஷம் வந்தால் துணிதான் மாட்டும்.

அந்த வரியில் வரும் தங்கச்சி என் சொந்த அண்ணிதான் என்று பேராசிரியருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஆஹா ஆஹா என்று கைகளைப் பிசைந்தார். வெளியீட்டு விழாவில் முதல் பிரதியைத் தலைவர் கையால் அவள் வாங்கினால் எப்படி இருக்கும் என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. மேடையில், எல்லோர் எதிரிலும், அந்த வரியை அவரே படித்துவிட்டு வேலை இல்லை என்று எப்படிச் சொல்வார்? அவரைப் பற்றி நான் வைத்திருந்த மதிப்பு ஏற்கெனவே தரையில்தான் கிடந்தது. தரைக்குக் கீழேயும் இடம் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

விழாவில் நான் பக்கவாட்டில் நின்றேன். தலைவர் அந்தப் பக்கத்தைப் படித்தார். குரல் தழுதழுத்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் வார்த்தைக்குத் தானே அழுகிற மனிதரை அப்போதுதான் நேரில் பார்த்தேன். பிறகு அண்ணியின் பக்கம் திரும்பினார்.

“நல்லா இருக்கியாம்மா?” என்றார்.

அண்ணி ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் கத்தவில்லை, அழவில்லை. கடையில் வாடிக்கையாளரிடம் அளவு சொல்கிற குரலில் சொன்னாள்.

“சொன்னவங்க நாக்குக்கு ஒண்ணும் ஆகலைய்யா. நம்பினவ காலுதான் மரத்துப் போச்சு.”

தலைவர் வாயைத் திறந்தபடி நின்றார். அவர் பேச்சு நின்றதை முதல்கை பார்த்தார், தட்டினார். கூட்டம் முழுக்கத் தட்டியது. அந்த இரைச்சலுக்குள் யாரோ அண்ணியின் தோளைப் பிடித்துப் பக்குவமாகப் படியிறக்கிவிட்டார்கள்.

கையில் புத்தகம் இருந்ததால் மறுநாள் நாங்கள் நலத்துறைக்குப் போனோம். அண்ணி பக்கத்தைத் திறந்து அதிகாரியின் முன்னால் வைத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். தங்க பார்டரைத் தடவிப் பார்த்தார்.

“நல்லாப் போட்டிருக்காங்க,” என்றார்.

“எழுத்துல கேட்டீங்களே சார்,” என்றேன் நான்.

“இது பொன்மொழிம்மா. உத்தரவு இல்ல. பொன்மொழிக்கெல்லாம் வேலை போட ஆரம்பிச்சா இந்தப் புத்தகத்துல இருக்கற எல்லாத்துக்கும் நான் என்ன பண்றது?”

புத்தகத்தை மூடி, மரியாதையாக இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். எனக்கு அதை அவர் முகத்திலேயே வீச வேண்டும் போல இருந்தது. அண்ணி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். அன்று வீட்டில் எந்தத் துணியும் துவைக்கப்படவில்லை.

விழாவின் ஒலிப்பதிவு என் மேசைக்கு வந்தது. விதிப்படி அடித்தேன். தலைவர் கேட்ட கேள்வி, அதன் கீழே மற்றவர் என்று ஒரு வரி, அதன் கீழே அண்ணி சொன்னது, அதன் கீழே பலத்த கைதட்டல். அதற்கு மேல் அதைப் பற்றி நினைக்கவில்லை.

புத்தகத்தை எல்லா அலுவலகங்களும் பள்ளிகளும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று உத்தரவு போனதால் பிரதிகள் தீர்ந்தன. இரண்டாம் பதிப்பு வந்தது. புதிய பொன்மொழிகளும் சேர்க்கப்பட்டிருந்தன. கத்தரிக்கோல்காரர்கள் வழக்கம்போலக் கைதட்டலுக்கு மேலே ஒரு வரியை வெட்டியிருந்தார்கள். அதற்கும் மேலே இருந்த ‘மற்றவர்’ என்பதைப் பார்க்க அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ‘சொன்னவர் நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, நம்பியவர் கால்தான் மரத்துப் போனது’ என்று ஒரு முழுப் பக்கம். கீழே தலைவரின் பெயர். அதற்கும் கீழே பேராசிரியரின் விளக்கம்: முந்தைய ஆட்சியின் பொய் வாக்குறுதிகளைத் தலைவர் இப்படித் தோலுரிக்கிறார்.

பக்கத்தைத் தூக்கிக்கொண்டு பேராசிரியரிடம் ஓடினேன்.

“சார், இது எங்க அண்ணி சொன்னது. தலைவரைப் பார்த்துச் சொன்னது. நீங்களும் மேடைல இருந்தீங்க.”

அவருக்குத் தெரியாமல் இல்லை.

“கைதட்டல் விழுந்துச்சா இல்லையா?”

“விழுந்துச்சு.”

“தலைவர் கூட்டத்துல விழற கைதட்டல் யாருக்கும்மா? தலைவருக்குத்தானே. கைதட்டல் யாருதோ வரியும் அவருதுதான். அச்சும் ஆயிடுச்சு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “நிஜத்தைச் சொல்லட்டுமா? இந்தப் புத்தகத்துலயே உருப்படியான ஒரு வரி அதுதான். அதையும் எடுக்கச் சொல்றியா?”

அதற்கு அவர் ஆஹா போடவில்லை. உண்மை சொல்லும்போது மட்டும் அந்த ஆஹா வெளியே வருவதில்லை போலிருக்கிறது.

அந்த வரி பிய்த்துக்கொண்டு போனது. வண்டியைக் குறுக்கே நிறுத்திய பொன்மொழியை எவன் நினைவில் வைத்துக்கொள்வான்? இதை எல்லோரும் வைத்துக்கொண்டார்கள். பேருந்தின் முதுகில் எழுதினார்கள். பள்ளியில் பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். அண்ணியின் மகளும் எழுதினாள், நல்ல மதிப்பெண் வாங்கினாள். என்ன இருந்தாலும் மனுஷன் ஒரு வார்த்தை சொன்னார் பார் என்று, அவரைப் பிடிக்காதவர்கள்கூடச் சொன்னார்கள். கடைசியில் தலைவரே அதை நம்பிவிட்டார். ஒரு கூட்டத்தில் ‘அன்னிக்கே நான் சொன்னேன்’ என்று தொடங்கி, கையை ஓங்கி, அந்த வரியை முழங்கினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. முதல்கை தொடங்கி வைக்காமலே விழுந்த கைதட்டல் அது ஒன்றுதான், கேட்ட என் காதுக்கு வித்தியாசம் தெரியும். பெடலை மிதித்தேன். நின்றது. மறுபடி மிதித்துப் பின்னால் போனேன். மறுபடியும் அவர் வாயிலிருந்து அண்ணியின் வார்த்தைதான் வந்தது. எச்சில் பட்ட பண்டத்தைத் தொடுவது போலிருந்தது, இருந்தாலும் அடித்தேன், அடிக்காமல் வேலை போனால் இரண்டு அறைக்கும் வாடகை எங்கிருந்து வரும்.

அதை அண்ணியிடம் ஒரு வேடிக்கை போலத்தான் சொன்னேன். அவரே அவரைத் திட்டிக்கொண்டு திரிகிறார் பாருங்கள் என்று சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை.

“உன் அண்ணனைக் குடுத்தேன். வேலை வரல. இப்ப என் வாய்ல இருந்ததையும் எடுத்துக்கிட்டாங்களா?” என்றாள்.



அடுத்த விடுமுறை நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு நலத்துறைக்குப் போனாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. வரிசை வாசலைத் தாண்டி வளைந்து கிடந்தது. அதிகாரியின் தலைக்கு மேலே புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். அதே வரி, அதே பெயர், தலைவர் மோவாயில் விரலை வைத்து யோசிப்பது போல ஒரு படம். நம்பிக் கால் மரத்துப் போனவர்களையெல்லாம் அதன் கீழே வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். இதைச் செய்தவனுக்கு உடம்பெல்லாம் மூளை இருக்க வேண்டும், அல்லது மருந்துக்கும் இருக்கக் கூடாது.

எங்கள் முறை வந்தது. அண்ணி பலகையைக் கைகாட்டினாள்.

“அது நான் சொன்னது.”

அதிகாரி திரும்பிப் பலகையைப் பார்த்தார். பிறகு பரிவாகச் சிரித்தார். அந்தப் பரிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“எல்லாரும் அப்படித்தான்மா சொல்றாங்க. உங்க மனசுல இருக்கறதைத்தானே தலைவர் சொல்லியிருக்கார். அதான் அவர் தலைவர்.”

“இல்ல சார். நான் சொன்னது. அவர்கிட்டயே சொன்னேன்.”

“சரிம்மா. வேலை விஷயம்னா உத்தரவு வரணும். வந்தா சொல்றோம்.”

“வேலை இருக்கட்டும். அந்தப் பேரை எடுத்துடுங்க.”

அதிகாரியின் சிரிப்பு போய்விட்டது. காவலரை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று அவருக்குத் தெரியும். “கூட்டிட்டுப் போம்மா,” என்றார் என்னிடம், மெதுவாக.

அண்ணி நகரவில்லை. நகர முடியவில்லை என்பது கொஞ்சம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. காலையிலிருந்து நின்ற நிற்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் கையை நீட்டினாள்.

“கையைக் குடு. கால் மரத்துப் போச்சு.”

எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் அதைக் கேட்டுவிட்டுப் பலகையைப் பார்த்தார், பிறகு அண்ணியைப் பார்த்தார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்தார்.

“பாருங்க, தலைவர் சொன்னதை எவ்வளவு அழகா எடுத்துச் சொல்றாங்க,” என்று சொல்லிக் கைதட்டினார்.